இடுப்பில் ஊசியும் மூட்டில் ஊசியும்

தாமிரவருணிக் கரையிலுள்ள முக்கூடலுக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். திண்ணையில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆகையால், இடுப்பு வலிக்கிறதென்று எழுந்து உலாவினால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது.

எங்களுக்குத் தூரத்து உறவான பெரியம்மாள் ஒருத்தி அங்கே முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். ஒரு வருஷமாக இடுப்பின் அடியில், வலது பக்கம், தீராத வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. மாதம் இரண்டு தரம் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு காலந்தள்ளினாள். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர், "மூட்டிலே ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்போ இத்தனை நாளும் எங்கே போட்டாவளாம்?" என்று என்னைக் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். வழக்கமாகப் போடும் ஊசி சதையில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, உடம்பெங்கும் சுற்றி, ஓரிரு நாள் வலியை மட்டுப்படுத்தும். இது வேறு. முதுகுத்தண்டின் அடியிலுள்ள முக்கோண எலும்பு இரு பக்கமும் இடுப்பெலும்போடு சேருமிடத்தில் ஆழமாய் ஒளிந்திருக்கிறது ஒரு மூட்டு. கை மதிப்பில் குத்தினால் பெரும்பாலும் தவறிவிடும். எக்ஸ்ரே திரையிலோ அல்ட்ராசவுண்டிலோ பார்த்துக்கொண்டேதான் ஊசியைச் செலுத்த வேண்டும். மருந்து இரண்டு: மரத்துப் போகச் செய்வது ஒன்று, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மற்றொன்று. முதல் மருந்து சில நிமிஷங்களில் வலியைப் பெரும்பாலும் போக்கிவிட்டால், குற்றவாளி இந்த மூட்டுத்தான் என்று கொள்ளலாம். போகாவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும். தொடை மூட்டு கெட்டிருந்தால் பெரும்பாலும் தொடையிடுக்கில் வலிக்கும்.

ஸ்டீராய்டின் கதை சுவையானது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹெஞ்ச் என்ற டாக்டர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிஸோன் கொடுத்தார். சில தினங்களில் அவள் நடந்தாள். 1950-இல் அவருக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் நெடுநாள் கொடுத்தால் முகம் ஊதும், எலும்பு மெலியும் என்பதும் தெரியவந்தது. பிறகு 1951-இல் ஹாலண்டர் என்பவர், அவ்வகை மருந்தை நோயுள்ள மூட்டுக்குள்ளேயே சிறிதளவு செலுத்தும் முறையை வெளியிட்டார்.

இதனால் கிடைக்கும் சுகம் சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒன்றுமேயில்லை. நீரிழிவுக்காரருக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் முதலில் எலும்புக் காசம் இல்லையென்று நிச்சயிக்க வேண்டும். இருக்கிற இடத்தில் ஸ்டீராய்டைச் செலுத்துவது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதுதான். கால் பலவீனமாகி, சிறுநீர் கட்டிக்கொண்டால் ஊசியைப் பற்றிய பேச்சே வேண்டாம்; அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெரியம்மாள் ஊசி போட்டுக்கொண்டாள். பத்தாம் நாள் வலி பாதியாயிற்று. இந்த அவகாசத்தில் இடுப்புத் தசைகளைப் பலப்படுத்த வேண்டுமென்று டாக்டர் தேகப்பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கவும் சொன்னார்.

"அரைமணிக்கு ஒருக்க எந்திரிச்சா ஆயிரம் எப்படி ஆகும்?" என்கிறாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சுளகை மட்டும் மடியிலிருந்து இறக்கி, ஒரு சிறு பலகையின் மேல் உயர்த்தி வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள்.