பரவாயில்லை என்பது பதில் அல்ல

அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்த இரண்டாம் நாள் இரவு 10 மணிக்கு வலிக்கு ஊசி போட்டார்கள். அரைமணி கழித்து அதே நர்ஸ் திரும்பி வந்தார். பின்னால் வந்த பில்லில் ஊசிக்குக் காசு இருந்தது, சிரிஞ்சுக்கு இருந்தது, பஞ்சுக்குக்கூட இருந்தது. அவர் திரும்பி வந்ததற்கு இல்லை.

"வலி குறைஞ்சிருச்சாம்மா?" என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அம்மா ஆமாம் என்றிருப்பாள். "இப்ப எங்க வலிக்குது? ஒரு தடவை இருமுங்க, பார்ப்போம்" என்றார். "பரவால்லம்மா" என்றாள் அம்மா. 68 வயதுவரை எல்லாவற்றுக்கும் அவள் சொல்லிவந்த பதில் அது. நான்கு பிரசவத்துக்கு, அப்பாவின் கைக்கு, அடியிறங்கிய கர்ப்பப்பையோடு பன்னிரண்டு வருடம் குடம் சுமந்ததற்கு, எல்லாவற்றுக்கும் அதே சொல். நர்ஸ் அந்தப் பதிலை ஏற்கவில்லை. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். முழுதாக ஒரு நிமிடம் நாடியை எண்ணினார். சிறுநீர்ப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ரத்த அழுத்தத்தை இரண்டு முறை எடுத்துவிட்டு டூட்டி டாக்டருக்குப் போன் செய்தார்.

மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. வயசான அம்மா, பயத்துல படபடப்பா இருக்கும், தூங்கறதுக்கு ஒரு ஊசி போட்டுவிடுங்க.

"போடமாட்டேன் சார். பல்ஸ் 128, யூரின் சரியா வரல. நீங்க வந்து பாருங்க."

அவர் வரவில்லை. நர்ஸ் பெரிய டாக்டரையே வீட்டில் எழுப்பினார். இரவு 2 மணிக்கு வயிற்றை மறுபடி திறந்தார்கள். உள்ளே ஒரு ரத்தக்குழாய் கசிந்துகொண்டிருந்தது. அந்த ஊசியைப் போட்டிருந்தால் அம்மா தூங்கியிருப்பாள். 'வலி இல்லை, உறங்குகிறார்' என்று கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கும்.

மருந்து கொடுப்பது ஒரு வேலை. அது உடம்புக்குள் போய் என்ன செய்தது என்று அறிவது வேறொரு வேலை. இதை நாம் 'பார்த்துக்கிறது' என்கிறோம், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல. பிரசவ காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தவளுக்கு மக்னீசியம் சல்பேட் போடுகிறார்கள். உயிரைக் காக்கிற மருந்துதான், ரத்தத்தில் அதிகம் சேர்ந்துவிட்டால் மூச்சை நிறுத்திவிடும். அதனால் அடுத்த டோஸுக்கு முன் நர்ஸ் அவள் முழங்காலில் தட்டுகிறார், கால் துள்ள வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது. சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஊசியை நிறுத்த வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவ்வளவையும் தீர்மானிக்கிற தலையைத்தான் 'கனிவான கரங்கள்' என்று செவிலியர் தினத்தன்று பாராட்டுகிறார்கள். தலையைப் பாராட்டினால் சம்பளம் கேட்பாள் என்ற பயம் போல.

பெண் உடம்பில் மருந்து என்ன செய்கிறது என்று கவனிக்க மறுத்ததற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது, காலையிலும் மந்தம் விடுவதில்லை என்பதற்காக அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைக்கச் சொன்னது 2013இல். இருபது வருடம் எத்தனை பெண்கள் காலையில் தலை கனக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்? எத்தனை பேருக்கு 'எல்லாம் மனசுதான்' என்று பதில் கிடைத்திருக்கும்?

கடுக்குது, குடையுது, காந்துது, இழுக்குது, பிசையுது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒவ்வொன்றும் வேறு வலி. வார்டில் நின்று இந்தச் சொற்களைக் கேட்டுப் பிரித்தறிகிறவர் நர்ஸ். கோப்பில் ஏறும்போது அது பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகிவிடுகிறது. தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இது கூடுதலாக உறுத்துகிறது.

பிரசவ வார்டில் தொடையில் அடிவாங்கியவர்கள் இதைப் படித்துவிட்டு என்னை முறைப்பார்கள். நானும் வாங்கியிருக்கிறேன், ஒரு நர்ஸின் கையால்தான். அந்தக் கையை மன்னிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ராத்திரி ஷிப்டில் ஏதாவதொரு பொதுவார்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். நாற்பது கட்டிலை ஒற்றை ஆளாகச் சுற்றுகிறவர் விடியற்காலையில் உட்கார்ந்து, பார்க்காத நாடியைப் பார்த்ததாக எழுதுகிறார். அந்தப் பொய்யை எழுதியது அவர், எழுத வைத்தது நிர்வாகம். 2015இல் தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுத்த செவிலியர்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு உட்கார்ந்தபோது 'நோயாளிகளைத் தவிக்கவிட்டு' என்று பேசியவர்கள், அதுவரை அந்த நோயாளிகள் யாருடைய கண்பார்வையில் பிழைத்தார்கள் என்று பேசவில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, அதைப் பக்கத்திலிருந்து தருபவர் என நான்கையும் மருத்துவத்தின் உறுப்புகளாக எண்ணுகிறது. நான்காவதும் ஆண்பால் விகுதியில்தான் வருகிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். ஆண்பாலாக இருந்தவரை சம உறுப்பு, பெண்பாலானதும் 'சிஸ்டர், இங்க வாங்க'.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த இரவு ஒரே வரி. ரத்தக்கசிவு கண்டறியப்பட்டு அறுவைசிகிச்சை செய்யப்பட்டது. செயப்பாட்டு வினை. எழுவாயைத் தேடு என்று இருபது வருடமாக மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறவள் நான். கண்டறிந்தவரின் பெயரைச் சேர்க்கும்படி மருத்துவமனைக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒருவர் பணிவாகப் போனில் பேசினார்.

"மேடம், ஃபார்மட்ல அதுக்கு இடம் இல்லை."