போட்டிக்குப் போகும் வழி



டிஸ்க் கோல்ப் என்றொரு விளையாட்டு மேற்கு நாடுகளில் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டளவு பிளாஸ்டிக் வட்டை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழுத்த வேண்டும். பெரும்பாலும் 18 கூடைகள். குறைந்த எறிகளில் எல்லாவற்றையும் முடிப்பவர் வெற்றி பெறுவார். இதைத் தொழிலாகக் கொண்ட பெண்கள் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறார்கள். சிலர் வானிலேயே படுத்து, அதிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பெயர் பெற்றவர்களுக்குக் கம்பனிகள் பணம் கொடுக்கும். மற்றவர்களுக்கு நுழைவுக் கட்டணமும் எரிபொருளும் சொந்தச் செலவுதான். எஸ்தோனியா என்ற சிறிய நாட்டின் கிறிஸ்டின் தத்தார் இப்படி அமெரிக்கா வரை போய், 2022இலும் 2023இலும் உலக வெற்றியாளரானார்.

அந்த விளையாட்டு நமக்குப் புதியதாக இருக்கலாம். வழிச்செலவு, தங்குமிடம், வீட்டில் விட்டுவந்த பொறுப்பு என்ற கவலைகள் நமக்கு நன்றாகத் தெரிந்தவை.

நமது கரைப் பெண்கள் பயணம் செய்யாதவர்கள் அல்லர். யுத்த காலத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரவோடிரவாக நடந்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோதும் ஓடினோம். பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் படுத்தோம். காணாமற் போனவரைத் தேடி முகாம் முகாமாக அலைந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பயணம் எதையும் நாம் விரும்பிச் செய்யவில்லை. ஆகவே, மகள் "போட்டிக்கு வெளியூர் போக வேண்டும்" என்று கேட்டால் உம்மாவின் நெஞ்சு பதறுகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை மகள் கொடுக்கக்கூடாது.

யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தை அறிவீர்கள். ஏறத்தாழ 6 அடி 10 அங்குல உயரம். "இவ்வளவு உயரமான பெண்ணா?" என்று தெருவில் திரும்பிப் பார்க்கும் சமூகத்திலிருந்து வந்தவர். 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் விளையாடினார். அவுஸ்திரேலியக் கழகங்களுக்கும் ஆடினார். மொழி, உணவு, குளிர் எல்லாம் வேறான நாட்டில் பருவம் முழுவதும் தங்கி ஆடுவது இலேசான காரியமல்ல.

"அது இளம் பிள்ளைகளுக்கு" என்று சொல்பவர்களுக்கு முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகியைக் காட்டலாம். 2023இல், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்குப் போனார். 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம் வென்று திரும்பினார். யுத்தம் எப்படி முடிந்தது என்பதை முல்லைத்தீவு மண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி நமது ஊருக்கு வருவோம். பாடசாலைப் போட்டிகள் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக மேலே போகின்றன. கோட்டத்தில் வென்ற பிள்ளை நடந்தே வீடு வரலாம். மாகாணப் போட்டி திருகோணமலையில் என்றால் இரவு தங்க வேண்டும். கொழும்பு என்றால் இரவு பஸ். நமது கரையில் ரயிலும் இல்லை, அதற்கு மட்டக்களப்புக்குப் போக வேண்டும். வாப்பாவோ நானாவோ கூடப் போவதென்றால் இரண்டு பேருக்குச் செலவு, அவருடைய ஒரு நாள் உழைப்பும் போகும். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடிப் படகுகள் முடங்கிய நாட்களை நாம் கண்டிருக்கிறோம். அப்படிக் கை வரண்ட காலத்தில் முதலில் வெட்டப்படுவது பெண்பிள்ளையின் பஸ் காசுதான். ஓடத் தெரியாததால் அவள் தோற்கவில்லை. போட்டித் திடலுக்கே போகாமல் தோற்கிறாள்.

நம்மால் செய்யக்கூடியவை சில உண்டு.

மாதர் சங்கக் கூட்டத்தில் ஆளுக்கு 100 ரூபா போட்டு "வழிச்செலவு நிதி" என்று தனியாக ஒரு கணக்கு வையுங்கள். 30 பேர் சேர்ந்தால் மாதம் 3000 ரூபா.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆண் போவதற்குப் பதிலாக, நம்பிக்கையான இரண்டு தாய்மார் அணியோடு போகலாமா என்று அதிபரிடம் கேளுங்கள். எங்கே தங்குவது, பொறுப்பான ஆசிரியை யார், தொலைபேசி இலக்கம் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

உடையைப் பற்றிய கவலையும் இப்போது குறைந்திருக்கிறது. உதைபந்தாட்டத்தில் 2014இலும் கூடைப்பந்தாட்டத்தில் 2017இலும் சர்வதேச விதிகள் தலையை மூடி விளையாட இடம் கொடுத்தன. பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழ மார்க்கமும் சலுகை தந்திருக்கிறது.

பையில் அடையாள அட்டையின் பிரதி, மாதவிடாய்த் துணி, மாற்றுடுப்பு, தண்ணீர், வீட்டு இலக்கம் எழுதிய தாள் இருக்கட்டும்.

போய்வந்த பிள்ளையிடம் "என்ன இடம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே படுத்தாள், யாரோடு பேசினாள், எது பயமாக இருந்தது என்று கேளுங்கள். அடுத்த முறை போகும் பிள்ளைக்கு அந்தப் பதில்கள் உதவும்.

அடுத்த போட்டிக் காலம் தொடங்குமுன் உங்கள் சங்கத்தில் இதைப் பேசிப் பாருங்கள். நாம் உயிரைக் காக்க ஓடிய அதே வீதியில் நமது பெண்பிள்ளைகள் போட்டிக்குப் போகட்டும்.