விலை பேசப்பட்ட தேனீக்கள்

தேனீ என்றவுடன் படித்தவர் மனத்தில் எழுவது பாடநூல் காட்டிய ஒரே உருவந்தான். சுறுசுறுப்புள்ளது, கூடு கட்டுவது, மனிதனுக்குத் தேன் தருவது. வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி எனப் பல பெயர் வழங்கிய மொழியின் வாரிசுகள் இன்று ஒரு பெயரோடு அமைதி கண்டுவிட்டனர். இலங்கையில் ஏறத்தாழ 150 இனத் தேனீக்கள் உள்ளன. அவற்றுள் தேனைச் சேமித்து வைப்பவை நான்கே. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. மண்ணிலும் பட்ட மரத்திலும் துளையிட்டு முட்டையிடுபவை.

இது வெறும் சொற்குறைபாடு அன்று. வெப்பவலயக் காடுகள் துண்டாடப்படும்போது தேனீக்களுக்கு யாது நேர்கின்றது என்னும் வினாவுக்கு இன்று கூறப்படும் தவறான விடைகள் இரண்டும் இக்குறைபாட்டிலிருந்தே பிறக்கின்றன. ஒன்று காட்டை வெட்டுவோர் கூறுவது. மற்றையது காட்டின் நண்பர்கள் கூறுவது. பின்னையதே கூடுதலான ஆபத்துடையது.

'தேனீக்கள் குறையவில்லையே' என்பது முதலாவது விடை. மத்திய அமெரிக்க நாடான கோஸ்ரா றிக்காவின் தென்பகுதியில், மேய்ச்சல் நிலங்களுக்கிடையே சிதறிக்கிடக்கும் காட்டுத் துண்டுகளை ஆராய்ந்து பிறோசியும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட முடிவு இவ்விடயத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது. துண்டு பெரிதாயினும் சிறிதாயினும் தேனீக்களின் மொத்தத் தொகையிற் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் இருந்த தேனீக்கள் வேறு. பெரிய காடுகளிலே கொடுக்கற்ற தேனீக்கள் மிகுந்திருந்தன; காடு சுருங்கச் சுருங்க அவை மறைய, வெளியிலிருந்து வந்த தேனீ அவ்விடத்தை நிரப்பியது. 1956இல் ஆபிரிக்காவிலிருந்து பிறேசிலுக்குக் கொண்டுவரப்பட்டு, அடுத்த ஆண்டு தப்பியோடி, 1983இற் கோஸ்ரா றிக்காவை அடைந்த தேனீயின் கலப்பு வழித்தோன்றலே அது. ஒரு கிராமத்து மக்களை வெளியேற்றிவிட்டு வேறு மக்களைக் குடியேற்றிய பின்னர், 'சனத்தொகை குறையவில்லை' என்று அறிக்கை எழுதுவோரை இந்நாட்டு மாணவர் அறிவர். இங்கு நிகழ்வதும் அதே கணக்குத்தான்.

கொடுக்கற்ற தேனீ ஏன் தோற்கின்றது என்பதற்கு அதன் வாழ்க்கைமுறையே விடை தருகின்றது. அவற்றுட் பல இனங்கள் முதுமரப் பொந்துகளிற் குடியிருப்பவை. முட்டையிடத் தொடங்கிய இராணி வயிறு பருத்துப் பறக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. எனவே மரம் வீழ்ந்தால் ஏனைய தேனீக்களைப்போலக் கூட்டத்தோடு புலம்பெயர அதனால் இயலாது. புதிய குடி அமைப்பதும் மெதுவான கருமம். வேலையாட்கள் பழைய கூட்டிலிருந்து மெழுகையும் உணவையும் பல நாட்கள் சுமந்து சென்று புதிய பொந்தை ஆயத்தஞ்செய்த பின்னரே இளம் இராணி அங்கு போகும். தாய்வீட்டிலிருந்து வெகுதூரம் செல்ல முடியாத இவ்வினத்துக்கு இடையிலுள்ள அகன்ற மேய்ச்சல்வெளி கடலுக்கு ஒப்பானது.

இனி, நண்பர்களின் விடை. 2004ஆம் ஆண்டில் றிக்கெற்ஸ் முதலிய நால்வர் கோஸ்ரா றிக்காவின் கோப்பித் தோட்டமொன்றிற் செய்த ஆய்வு உலகப்புகழ் பெற்றது. காட்டிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றருக்குட்பட்ட கோப்பிச் செடிகளின் விளைச்சல், காட்டுத் தேனீக்களின் மகரந்தச் சேர்க்கையால் 20 சதவீதம் கூடியது. இரு வித்துக்களுக்குப் பதிலாக ஒற்றை வித்து உருளும் குறைக்காய்கள் 27 சதவீதம் குறைந்தன. தோட்டத்தை அடுத்திருந்த 46, 111 ஹெக்டேயர் பரப்புள்ள இரு காட்டுத் துண்டுகளின் சேவை ஆண்டொன்றுக்கு 60,000 அமெரிக்க டொலர் பெறுமதியானது என அவர்கள் மதிப்பிட்டனர். ஆய்வில் குறைகாண்பதற்கில்லை. குறை, அதை ஏந்திக்கொண்டு புறப்பட்டவர்களிடத்திலேயே உள்ளது. காட்டுக்கு விலை கண்டுவிட்டோம், இனிக் காடு பிழைத்தது என அவர்கள் மகிழ்ந்தனர்.

கோப்பியின் விலை வீழ்ந்தது. அதே தோட்டத்தில் கோப்பி பிடுங்கப்பட்டு அன்னாசி நடப்பட்டதென 2006இல் 'நேச்சர்' இதழில் டக்ளஸ் மக்கோலி எடுத்துக்காட்டினார். அன்னாசி மகரந்தச் சேர்க்கையின்றியே காய்ப்பது; சேர்க்கை நிகழ்ந்தால் பழத்தில் விதை விழுந்து சந்தைக்கு ஆகாமற் போகும். ஆகவே அத்தோட்டத்தின் கணக்கில் அத்தேனீக்களின் பெறுமதி 60,000 டொலரிலிருந்து பூச்சியமாயிற்று. காடு அதே காடு. பொந்தும் அதே பொந்து. மாறியது நியூயோர்க் சந்தையின் விலைப்பட்டியல் மாத்திரமே.

'ஆட்சியாளருக்கு விளங்கும் மொழி பணமொன்றே. அம்மொழியிற் பேசாது வேறென்ன செய்வது?' என இவர்கள் கேட்பர். நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆயினும் ஒரு பொருளைக் காப்பதற்கு அதன் விலையையே காரணமாகக் காட்டியவர், விலை வீழ்ந்த நாளில் அதனை அழிப்பதற்கும் கையொப்பமிட்டவராகிறார். கோப்பி பூப்பது ஆண்டிற் சில நாட்களே. ஏனைய நாட்களில் அத்தேனீக்கள் எதற்கு உழைக்கின்றன என்பதை அக்கணக்கேடு கேட்கவேயில்லை. ஆனால் காட்டு மரங்கள் பூப்பதும் வித்தாவதும் அந்நாட்களிலேதான். கோஸ்ரா றிக்காவிற் காடு எஞ்சியிருப்பதற்கு இக்கணக்கா காரணம்? 1996ஆம் ஆண்டின் வனச் சட்டம் காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையே தடைசெய்தது. அதே சட்டம் காட்டின் உரிமையாளருக்குக் கொடுப்பனவும் வழங்குகின்றது என்பது உண்மை. எனினும் அத்தடை கோப்பி விலையோடு ஏறி இறங்குவதன்று.

இவ்வரலாறு இலங்கைக்குப் புதியதுமன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மத்திய மலைநாட்டுக் காடுகள் வெட்டப்பட்டதும் கோப்பிக்காகவே. 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது; இருபது ஆண்டுகளுக்குட் கோப்பிப் பெருந்தோட்டங்கள் நிலைகுலைந்து தேயிலை வந்தது. தேயிலையில் விற்கப்படுவது இலை. பூவுக்கு இடமளியாது கொழுந்து கிள்ளப்படுகின்றது. புதிய செடியோ வெட்டுத்தண்டிலிருந்து வளர்க்கப்படுகின்றது. மலைச்சரிவுகளிலே தேயிலைக்கு நடுவே எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளில் வாழும் தேனீக்களை அத்தோட்டங்களின் பேரேட்டில் எவ்வாறு பதிவது? இங்கும் காட்டுக்கு விலை குறிக்கவேண்டுமெனக் கருத்தரங்குகளிற் பேசுவோர், அந்த எண்ணை முதலில் கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும்.