திரை கறுத்துப்போச்சா? கடைக்கு ஓடும் முன்...

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடசென்னையை மூழ்கடித்தபோது, வீட்டுச் சாமான்களோடு போன்களும் நனைந்தன. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மழை மட்டுமா எதிரி? படகில் ஓர் அலை தெறித்தாலே போதும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, டிஸ்ப்ளே இணைப்பை அரித்துவிடும்.

நனைந்த போனை உடனே ஆஃப் செய்யுங்கள். சார்ஜ் போடவே கூடாது. அரிசி டப்பாவில் புதைக்கும் நம்மூர் வைத்தியமும் வேண்டாம். அரிசித் துகள்கள் போனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. ஃபேன் காற்று போதும். கடல் தண்ணீர் என்றால், காய்ந்த பிறகு நன்றாக ஓடினாலும் சர்வீஸ் கடையில் திறந்து சுத்தம் செய்துவிடுவதே நல்லது.

நனையாமலே திரை கறுத்ததா? வேறு போனிலிருந்து அழையுங்கள். ரிங் கேட்டால் உயிர் இருக்கிறது. பவர், வால்யூம் டவுன் பட்டன்களைச் சேர்த்து 10, 15 விநாடி அழுத்தினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் ரீஸ்டார்ட் ஆகும்.

படம் தெரிகிறது, டச் மட்டும் இல்லையா? ஓ.டி.ஜி. கனெக்டரில் கம்ப்யூட்டர் மவுஸை மாட்டுங்கள். பல போன்களில் அம்புக்குறி வந்துவிடும். பேரன் பேத்தி போட்டோக்களை முதலில் காப்பி எடுங்கள். டிஸ்ப்ளேவை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

திரை ஓரம் உப்பித் தூக்கியிருந்தால் அது பேட்டரி வீக்கமாக இருக்கலாம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அழுத்தாமல், சார்ஜ் போடாமல் அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.