சொல்லாமல் அழிக்கப்படும் கடிதங்கள்



இணைய இணைப்பு தரும் நிறுவனமே கொடுத்த மின்னஞ்சல் முகவரியைத்தான் பயன்படுத்துகிறேன். அண்மைக்காலமாக எனக்கு வரவேண்டிய கடிதங்கள் சில வருவதே இல்லை; ஸ்பேம் பெட்டியிலும் இல்லை. இதற்கு ஒரு காரணம், அஞ்சல் அனுப்புவோர் பலர் ஒரே சர்வரைப் பகிர்வது. ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினாலும் அந்தச் சர்வரின் ஐபி எண் தடைப்பட்டியலில் ஏறி, மற்றவர்களின் கடிதங்களும் முடங்குகின்றன. அமெரிக்காவின் வெரைசான் நிறுவனம் 2004 இறுதியில் ஐரோப்பிய அஞ்சல்களைப் பெருமளவில் தடுத்து வழக்கையே சந்தித்தது.

தடுப்பு தேவைதான், மறுக்கவில்லை. வாசலிலேயே மறுத்தால் அனுப்பியவருக்குப் பிழைச்செய்தி போகும். அவர் தொலைபேசியிலாவது அழைப்பார். வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழிப்பதுதான் கொடுமை. ஒரு நேர்காணல் அழைப்பு தொலைந்தால் இரு தரப்புக்குமே தெரியாது. தடுத்த அஞ்சல்களின் பட்டியலையாவது வாடிக்கையாளர் பார்க்க நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும்.

– ஒரு வாசகர்