குருவி என்ற ஒரு சொல் போதுமா?

தமிழின் தொன்மையையும் சொல்வளத்தையும் மேடைதோறும் போற்றுகின்றோம். ஆண்டு மலர்தோறும் எழுதுகின்றோம். ஆனால் ஐப்பசித் திங்களில் வெள்ளாயணி ஏரிக்கரையிலும் புஞ்சக்கரி வயல்வெளியிலும் மின்கம்பிகளின்மேல் அமர்ந்திருக்கும் பறவைகளைக் காட்டி, "இவை யாவை?" என்று நம் பிள்ளைகள் வினவினால், இல்லங்களில் கிடைக்கும் விடை "ஏதோ குருவி" என்பதே. "அது போதாதா? பெயர் தெரிந்து ஆகப்போவது என்ன?" என்பாரும் நம்மிடையே உளர். போதாது என்பதே நமது வழக்கு.

முதலில் உண்மை நிலையைக் காண்போம். வானில் பூச்சிகளைத் துரத்தி உண்ணும் பறவைகளுள் மூன்று இனங்கள் ஒன்றுபோல் தோன்றும். ஒன்று, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து கம்பிகளில் வரிசைகட்டும் தகைவிலான். மற்றொன்று, அரிவாள் போல் வளைந்த சிறகுடைய உழவாரன். அதன் கால்கள் பற்றித் தொங்கவே பயன்படும். கம்பியில் அமர இயலாது. மூன்றாவது, பனை, தென்னை ஓலைகளிலும் கம்பிகளிலும் ஒன்றையொன்று நெருக்கி அமரும் சாம்பல் நிறப் பறவை. இதற்கு ஆங்கிலேயர் பழைய நூல்களில் இட்ட பெயர், தகைவிலான், கீச்சான் என்ற இரண்டையும் ஒட்டவைத்த பெயர். உண்மையில் அது தகைவிலானும் அன்று, கீச்சானும் அன்று. அதன் சுற்றத்தார் மிகுதியாக வாழ்வது ஆஸ்திரேலியாவில்.

உருவம் கண்டு மயங்குவது கல்லாதார்க்கு மட்டும் நேர்வதன்று. உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸே 1758இல் உழவாரனைத் தகைவிலானின் இனத்தில் சேர்த்துவிட்டார். அமெரிக்கக் கண்டத்துத் தேன் உண்ணும் ஓசனிச்சிட்டுகளே உழவாரனுக்கு நெருங்கிய உறவு எனப் பிற்கால அறிவியல் கூறுகின்றது. ஒரே தொழில் ஒரே தோற்றத்தைத் தந்தது, அவ்வளவே. ஓர் அலுவலகத்தில் ஒரே மாதிரி மேசைமுன் அமர்ந்திருப்போர் எல்லாரும் ஒரு தாய் மக்கள் ஆகிவிடுவரோ?

நம் முன்னோர் சொற்களை நோக்குக. தகைத்தல் என்றால் தடுத்தல். தகைவு இலான் என்று பிரித்தால், தடையின்றிப் பறப்பவன் எனப் பொருள் கொள்ளலாம். விவிலியத்தின் சங்கீதப் பகுதியைத் தமிழாக்கியோர் கையாண்ட பெயரும் இதுவே. உழவாரன் என்ற பெயரைக் கேட்டதும் நாவுக்கரசர் கையிலிருந்த புல் செதுக்கும் கருவி நம் நினைவுக்கு வருகின்றது. கீச்சிடுவது கீச்சான்: தனித்து அமர்ந்து, வளைந்த அலகால் வெட்டுக்கிளியையும் ஓணானையும் பற்றி, சிலபோது இரையை முள்ளில் குத்திவைக்கும் வேட்டைக்காரன். அதே கம்பியில் பிளந்த வாலுடன் அமரும் கரியவனோ கரிச்சான். வலியன் என்றும், இரட்டைவாலன் என்றும் அவனுக்குப் பெயர்கள் உண்டு. திருப்பாவையில் வரும் ஆனைச்சாத்தனை இப்பறவையாகவே கொள்வர். கண்ணும் செவியும் கூர்மையாய் இருந்தோர் ஆக்கிய சொற்கள் இவை. இவற்றை விடுத்து, ஆங்கிலப் பெயரை அதன் பிழையோடு பெயர்த்துவைத்து, "தமிழில் சொல் இல்லை" என்று வருந்துவது எவ்வகை அறிவு?

நாம் வாழும் நாட்டினரைப் பாருங்கள். மலையாளத்தார் தகைவிலானைக் கத்திரிக என்பர். பனையில் கூடமைக்கும் உழவாரனைப் பனங்கூளன் என்பர். ஆங்கிலேயர் குழம்பிய அந்தச் சாம்பல் நிறப் பறவைக்கு இணகாத்தேவன் எனத் தனிப்பெயரே உண்டு. கரிச்சானோ அவர்க்கு ஆனறாஞ்சி. ஆனைச்சாத்தனுக்கும் ஆனறாஞ்சிக்கும் இடையில் நிற்கும் அந்த ஆனை, இரு மொழியின் உறவை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாதா? இந்துசூடன் என்ற புனைபெயரில் கே. கே. நீலகண்டன் எழுதிய 'கேரளத்திலெ பட்சிகள்' என்னும் நூல் 1958இலேயே வெளிவந்து, பறவைகளைத் தாய்மொழிப் பெயர்களால் அறியும் பழக்கத்தை அங்கு வளர்த்தது. தமிழிலும் மா. கிருஷ்ணன் எழுதினார், க. ரத்னம் 'தமிழில் பறவைப் பெயர்கள்' எனத் தொகுத்தே தந்தார். நூல் இல்லாத குறையன்று, நாடாத குறை.

"வயிற்றுப்பாட்டுக்கு வந்த இடத்தில் பறவைப் பெயர் எதற்கு?" என்பர். வடக்கே வேலைக்குச் சென்றால் நாம் அனைவரும் 'மதராசி'; இங்கோ 'பாண்டி'. நெல்லையும் நாஞ்சிலும் தஞ்சையும் ஒரே சொல்லில் கரைக்கப்படும்போது நம் நெஞ்சு புண்படுகின்றதே, ஏன்? வேறுபாட்டைக் காண மறுப்பது மதிக்க மறுப்பதாகும் என்பதனால் அன்றோ? அந்த நீதி பறவைக்கும் பொருந்தும்.

பயனும் உண்டு. பனை உழவாரன் தன் உமிழ்நீரால் ஓலையில் கூட்டை ஒட்டுவது. பனை போனால் அதன் வீடு போயிற்று. முட்புதர் அழிந்தால் கீச்சானுக்கு இடமில்லை. வயல் தூர்ந்தால் தகைவிலானுக்கு இரையில்லை. எல்லாம் 'குருவி' எனில், எது குறைந்தது என்பதை எவர் அறிவார்? பெயர் அறியாதார் இழப்பும் அறியார்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூருடன் இருந்த நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த முதியோர் பலர் இந்நகரில் உளர். அவர்கள் நாவில் இப்பெயர்கள் உலர்ந்துவிடுமுன், தமிழும் மலையாளமும் அருகருகே அமையப் பட்டியல் ஒன்று எடுப்போம். பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் ஞாயிறுகளுள் ஒன்றையேனும் பிள்ளைகளோடு வெள்ளாயணிக் கரைக்கு ஒதுக்குவோம். சொல்வளம் என்பது புகழ்ந்து பேசும் பொருளன்று. எடுத்து வழங்கும் பொருள்.