நெருக்கமான பல்லுக்குத் தாடை ஆபரேஷனா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. நல்ல பல்லைப் பிடுங்கிக் கம்பி கட்ட வேண்டும் என்கிறார் டாக்டர். தாடையில் ஆபரேஷன் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்கிறார்கள் உறவினர்கள். எதைச் செய்வது? - ஒரு தாய், கிள்ளான்.

பதில்: பல் போனால் சொல் போச்சு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நல்ல பல்லைப் பிடுங்க மனம் வராதுதான், சகோதரி. ஆனால் பல் நெருக்கம் வேறு, தாடை பொருந்தாமை வேறு.

மகளைப் பின்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பற்கள் மேற்பற்களைத் தாண்டி முன்னால் வருகின்றனவா? முன்பற்கள் சேராமல் திறந்து நிற்கின்றனவா? அப்படியானால் தாடை எலும்பு காரணமாக இருக்கலாம். கடி சரியாக இருந்து, இடமில்லாமல் பற்கள் முட்டிக்கொண்டால், பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. எக்ஸ்ரேயும் பல் அச்சும் எடுத்துப் பார்த்து டாக்டர் முடிவு சொல்வார்.

நெருக்கம் கொஞ்சமானால் பல்லை எடுக்காமலே கம்பி போடலாம். அதிகமானால், கோரைப் பல்லுக்கு அடுத்த சிறு கடைவாய்ப் பல்லைப் பக்கத்துக்கு ஒன்றாக எடுப்பார்கள். மேலும் கீழுமாக 4 வரை ஆகலாம். அந்த இடத்துக்கு மற்ற பற்களைக் கம்பி மெல்ல இழுக்கும். ஏறக்குறைய 2 ஆண்டு பிடிக்கும். பல்லை எடுத்துவிட்டுக் கம்பியைப் பாதியில் நிறுத்தினால் சந்துதான் மிஞ்சும். ஆகவே பணத்துக்கும் பயணத்துக்கும் வழி செய்துகொண்ட பிறகே பல்லில் கை வைக்கச் சொல்லுங்கள்.

தாடை ஆபரேஷன் சுலப வழியன்று. எலும்பு வளர்ந்து முடிந்த பிறகே, பொதுவாக 17, 18 வயதுக்கு மேல்தான் செய்வார்கள். முழு மயக்க மருந்து, சில நாள் மருத்துவமனை, சில வாரம் கஞ்சியும் குழைந்த சோறும். சிலருக்குக் கீழுதட்டில் மரமரப்பு நிலைத்துவிடுவதும் உண்டு. இதற்கும் முன்னும் பின்னும் கம்பி உண்டு. சில சமயம் பல்லும் எடுக்க நேரும். மெல்லவோ பேசவோ முடியாதபடி தாடை கோணியவர்களுக்கு இது பெரிய வரம். வெறும் நெருக்கத்துக்கு அன்று.

தனியார் கிளினிக்கில் கம்பிக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகலாம். முதலில் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து பல் சீரமைப்பு நிபுணரிடம் அனுப்புவார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும்; சீக்கிரமே பெயர் பதியுங்கள். தாடைக் கோளாறானால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் வாய் அறுவைப் பிரிவு இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தினருக்கு மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவு அருகில்தான்.

டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "கோளாறு பல்லிலா, தாடையிலா?" அந்தப் பதிலே உங்களுக்கு வழி காட்டும்.